ஆய்வுக்கு முன் பிறந்த கட்டளை

சுற்றாடலைக் காக்க நல்ல சட்டங்கள் இருந்தால் போதும் என்று கிராமக் கூட்டங்களிலே சிலர் சொல்லக் கேட்கின்றோம். இந்தோனேசியாவிலே சட்டங்களுக்குக் குறைவிருக்கவில்லை. சனாதிபதி சுகார்த்தோவின் ஆட்சியிலேயே, 1982இல் சுற்றாடல் அடிப்படைச் சட்டம் வந்தது. பெரிய வேலைத்திட்டம் எதனையும் தொடங்குமுன் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யவேண்டும் என 1986இல் விதி செய்யப்பட்டது. மூன்று மீற்றரும் அதற்கு மேலும் ஆழமான 'பீற்' சதுப்பு நிலங்களைப் பாதுகாக்க வேண்டுமென 1990இல் சனாதிபதியே கட்டளை பிறப்பித்தார். அதே சனாதிபதி 1995 டிசெம்பரில் மற்றொரு கட்டளையில் ஒப்பமிட்டார். மத்திய கலிமந்தானில் பத்து இலட்சம் ஹெக்டயர், அதாவது ஏறத்தாழ 25 இலட்சம் ஏக்கர் சதுப்பு நிலம் நெல்வயலாக வேண்டும் என்பதே அது. பின்வந்த கட்டளை முன்வந்ததை எவ்வாறு விழுங்கியது என்பதையே இங்கு நாம் பார்க்கப் போகின்றோம்.

காரணம் விளங்காததல்ல. அரிசியிலே தன்னிறைவு கண்டுவிட்டோம் என்று 1984இல் அரசு பெருமை கொண்டது. பத்தாண்டுகளுக்குள் மீண்டும் இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. ஜாவாத் தீவின் வயல்களோ தொழிற்சாலைகளுக்கும் வீடுகளுக்கும் இரையாகிக் கொண்டிருந்தன.

பீற் என்பது நாமறிந்த வயல்மண் அல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் அமிழ்ந்து, முற்றாக உக்காமற் கிடக்கும் மரம், வேர், இலைகளின் படை அது. பஞ்சுபோல நீரைப் பிடித்து வைத்திருக்கும். நீரை வடித்தால் நிலம் தாழும். காய்ந்தால் அதுவே விறகு. பல இடங்களில் அடியிலுள்ள களிமண் காற்றுப்பட்டதும் புளித்து அமிலமாகும். அங்கு வாழும் டயாக் மக்களுக்கும் பஞ்சார் மக்களுக்கும் இது தெரியும். படை மெல்லிதாயுள்ள ஆற்றோரங்களில் மட்டும் 'ஹண்டில்' எனப்படும் சிறு வாய்க்கால்களை வெட்டி நெல் விளைவித்தார்கள். ஆற்றை விட்டு உள்ளே போனால் பிரம்பும் இறப்பரும்தான். 'பெஜே' என்னும் குழிகளும் அங்கே உண்டு. வெள்ளத்தோடு வரும் மீன், நீர் வற்றும்போது அக்குழிகளில் தங்கிவிடும். அதுவே வறட்சிக்கால உணவு.

இவர்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. கேட்க வேண்டிய தேவை அரசுக்கு இருக்கவுமில்லை. 1967ஆம் ஆண்டின் வனச் சட்டம் காட்டை அரசின் கையில் வைத்து, வழிவழி வந்த உரிமைகளை நாட்டு நலனுக்குக் கீழ்ப்படுத்தியிருந்தது. நாட்டு நலன் எதுவென்று தீர்மானிப்பவர் ஒருவரே.

1996இல் இயந்திரங்கள் இறங்கின. சுற்றாடல் மதிப்பீடு முடியும்வரை எவரும் காத்திருக்கவில்லை. 4,000 கிலோமீற்றருக்கு மேல் கால்வாய்கள் வெட்டப்பட்டன. செலவின் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது தெரியுமா? மரம் வெட்டும் கம்பனிகளிடம் அறவிட்ட மீள்வனமாக்கல் நிதியிலிருந்து! காட்டை மீண்டும் வளர்க்கச் சேர்த்த பணம் காட்டை அழிக்கப் போயிற்று. இதே நிதியிலிருந்து அரச விமானத் தயாரிப்பு நிறுவனத்துக்கு 40,000 கோடி ரூப்பியா கொடுக்க 1994இல் சனாதிபதி கட்டளையிட்டபோது, 'வால்ஹி' என்னும் சுற்றாடல் அமைப்பும் வேறு சில அமைப்புகளும் நீதிமன்றம் சென்றன. வழக்கு எடுபடவில்லை. ஆகவே, சட்டத்தைக் காட்டி 'இது ஆகாது' என்று சொல்ல நினைத்தவருக்குப் போவதற்கு ஓர் இடமும் இருக்கவில்லை.

கால்வாய்கள் சதுப்பின் நீரை ஆறுகளுக்கு வடித்தன. பெஜேக் குழிகள் வற்றின. பிரம்புத் தோட்டங்கள் அழிந்தன. 1997இல் எல் நினோ வறட்சி வந்தபோது, காய்ந்த நிலம் மாதக்கணக்காக எரிந்தது. புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. இந்தோனேசிய பீற் நிலங்களிலிருந்து அவ்வாண்டில் வெளியேறிய கரியின் அளவு, உலகம் முழுவதும் ஓராண்டில் எரிபொருள் எரித்து வெளிவிட்டதில் 13 முதல் 40 வீதம்வரை இருக்கலாம் என 2002இல் விஞ்ஞானிகள் மதிப்பிட்டனர். தீக்குப் பழி வழக்கம்போலச் சேனைப் பயிர்செய்வோர் மீது விழுந்தது. ஆயினும் செய்மதிப் படங்களை மறைக்க இயலாது. தீ வைத்ததாகச் சந்தேகிக்கப்பட்ட 176 கம்பனிகளின் பட்டியலை அரசே வெளியிட நேர்ந்தது.

நெல்? பேசத்தக்க விளைச்சல் கிடைக்கவேயில்லை. ஜாவாவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 13,000க்கு மேற்பட்ட குடும்பங்களிற் பல கைவிட்டுப் போயின. ஏமாற்றப்பட்டவர்கள் டயாக் மக்கள் மட்டுமல்லர் என்பதையும் நாம் மறக்கலாகாது. காணி கிடைக்கும் என்று நம்பி வந்த ஏழைகள் இவர்கள்.

1998 மே 21இல் சுகார்த்தோ பதவி விலகினார். 1999இல் திட்டம் கைவிடப்பட்டது. கால்வாய்களோ நீரை வடித்துக்கொண்டே இருந்தன. 2015இலும் அந்நிலம் எரிந்தது. வழக்காற்றுக் காடு அரசின் காடு அல்ல என அரசியலமைப்பு நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. சுகார்த்தோ காலத்தில் கனவிலும் காணமுடியாத தீர்ப்பு அது. ஆனால் 2020இல், மக்கள் தேர்ந்தெடுத்த அரசே அதே மாகாணத்தில், பழைய திட்ட நிலத்தையும் சேர்த்து, புதிய உணவு உற்பத்தித் திட்டமொன்றை அறிவித்தது. இதற்கிடையில் மரக்குற்றிகளாலும் மண்மூடைகளாலும் கால்வாய்களை அடைத்து, வடியும் நீரை மறிக்கும் வேலை சில இடங்களில் நடந்து வந்தது. வெட்ட இயந்திரங்களுக்குச் சில ஆண்டுகளே போதுமாயிருந்தது. அடைக்கும் வேலை இருபது ஆண்டுகள் கடந்தும் முடியவில்லை.