கைப்பேசிக் காணொலிக்குள் ஒரு கொசைன்

ஒன்பதாம் வகுப்பில் முக்கோணவியல் தொடங்கியதும் ஏதாவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "டீச்சர், இந்த சைன், கொசைன் எல்லாம் எதுக்கு?" கோபுரத்தின் உயரம், தென்னையின் நிழல் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பிள்ளை தினமும் கைப்பேசியில் பார்க்கும் காணொலியையே விடையாகக் காட்டலாம்.

முதலில் கரும்பலகையில் ஒரு கணக்கு. பாடநூலின் கியூ.ஆர். குறியீட்டில் திறக்கும் காணொலி ஒன்றில் 640 × 360 படப்புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 25 படங்கள் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் நொடிக்கு 1,72,80,000 பைட். சுருக்காமல் அனுப்பினால் ஒரு நாளைக்கான ஒன்றரை ஜி.பி. ஒன்றரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ஆனால் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில்கூடப் பத்து நிமிடப் பாடம் முழுதாக ஓடுகிறதே, எப்படி?

இதற்கு அடித்தளம் இட்டவர் 1940-இல் பெங்களூரில் பிறந்த பொறியாளர் நசீர் அகமது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, கொசைனைக் கொண்டு தரவைச் சுருக்கும் யோசனையை எழுதி, 1972-இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. 'மிக எளிமையாக இருக்கிறது' என்பது மதிப்பிட்டவர் ஒருவரின் கருத்தாம்! மனிதர் விடவில்லை. கோடை மாத வருமானம் இல்லாமலே, முனைவர் பட்ட மாணவர் டி. நடராஜனுடன் 1973-இல் அதை முடித்தார். 1974 ஜனவரியில் கட்டுரை வெளியானது. மூன்றாவது ஆசிரியர் கே. ஆர். ராவ், நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் 1952-இல் பட்டம் பெற்றவர்.

வகுப்பில் இதை இரண்டு எண்களைக் கொண்டே செய்து பார்க்கலாம். திருமலை நாயக்கர் மகால் தூணின் படத்தில், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் ஒளியளவு 120, 122 என்க. கூட்டல் 242, வேறுபாடு 2. (இரண்டையும் கொசைன் 45°-ஆல் பெருக்க வேண்டும், இரண்டு எண்களுக்கான உருமாற்றம் அவ்வளவுதான்.) அந்த 2-ஐப் பூச்சியமாக்கி மீட்டால் 121, 121. கண்ணுக்கு மாற்றம் தெரியாது. தூணின் விளிம்பில் 40, 200 என்று வந்தால்? வேறுபாடு 160-ஐ விட்டுவிட்டால் 120, 120 ஆகி விளிம்பே அழிந்துபோகும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும்.

உண்மையில் இது 8 × 8 கட்டங்களில், 64 எண்களுக்கு நடக்கிறது. முந்தைய படத்திலிருந்து மாறாத பகுதியைத் திரும்ப அனுப்பாதது இன்னொரு உத்தி. அது வேறொரு வகுப்புக்கு. சிக்னல் குறையும்போது ஆசிரியரின் முகம் சதுரம் சதுரமாகத் தெரிவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அளவுக்கு மீறி எண்களை விட்டுவிட்ட கட்டங்கள் அவை.