மஹா விச்வாஸம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சரணாகதியின் அங்கங்கள் ஐந்தில் மஹா விச்வாஸம் ஒன்று என நம் பூர்வாசார்யர்கள் அருளிச்செய்துள்ளனர். 'எம்பெருமான் நம்மை ரக்ஷித்தே தீருவான்' என்னும் அசையாத துணிவே அது. இதுவே நமக்கு மிக அரிதாயிருக்கிறது. கண் காண்பது ஒன்றும் அவன் வார்த்தை மற்றொன்றுமாய்த் தோன்றும் காலத்தில் எதைப் பற்றி நிற்பது?

ஐப்பசி, கார்த்திகையில் மரக்காணத்து உப்பளங்களைக் கண்டோர் அறிவர்: பாத்தியும் வரப்பும் தெரியாமல் எங்கும் மழைநீராய்க் கிடக்கும். 2020 நவம்பரில் நிவர் புயல் இவ்வூரை ஒட்டியே கரையைக் கடந்தது. மழை ஓய்ந்ததும் உப்பளத்தார் நீரை வடித்து, வரப்பைத் திருத்தி, தரையை மிதித்து இறுக்குகின்றனர். வெயிலை நம்பியே இத்தனையும் செய்கின்றனர். வெயிலோ அவர்களுக்கு வாக்கு ஏதும் கொடுத்ததில்லை. நமக்கோ வாக்குக் கொடுத்தவன் ஒருவன் உளன்.

கடற்கரையிலேதான் பெருமாள் ஸ்ரீவிபீஷணாழ்வானை முன்னிட்டு, தன்னை ஒருகால் சரணம் புகுந்தார்க்கு எல்லாவற்றினின்றும் அபயம் அளிப்பதே தன் விரதம் என்றான். தேர்த்தட்டிலே கண்ணன், பாபங்கள் அனைத்தினின்றும் தானே விடுவிப்பதாகச் சொல்லி அர்ஜுனனின் சோகத்தைத் தீர்த்தான். பூமிப்பிராட்டிக்கு ஸ்ரீவராஹநாயனார், நினைவிழந்து கிடக்கும் அந்திமத்திலும் தன் பக்தனைத் தான் நினைப்பதாக அருளினான். மூன்றிலும் பொறுப்பை ஏற்பவன் அவனே. ஆனால் 'இன்ன நாளில் இன்ன வண்ணம் துன்பம் தீரும்' என்று நாள் குறித்துக் கொடுத்தான் அல்லன். நாம்தாம் நாளைக் குறித்துக்கொண்டு, அது கடந்ததும் வாக்கே பொய்த்ததென்று தளர்கிறோம்.

இவ்வுண்மையை வாழ்ந்து காட்டியவர் பிள்ளை லோகாசார்யர். 1323இல் திருவரங்கத்தின்மேல் படையெடுப்பு நேர்ந்தபோது, மூலவரின் முன்னே கல்திரை எழுப்பப்பட்டது. முதிய பருவத்தினரான ஆசார்யர் நம்பெருமாளை எழுந்தருளச் செய்துகொண்டு தெற்கே சென்றார். வழியில் கள்வர் திருவாபரணங்களைக் கவர்ந்தனர். மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் அவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். நம்பெருமாள் மீண்டதை அவர் இங்கிருந்து கண்டிலர்.

வேதாந்த தேசிகனும் அக்காலத்தில் சத்தியகாலத்தில் தங்கி, அரங்கம் அச்சம் நீங்கி விளங்க வேண்டி அபீதிஸ்தவம் அருளிச்செய்தார். நம்பெருமாள் பல தேசங்கள் கடந்து திருமலையில் எழுந்தருளியிருந்தார். பின்னர் கோபணார்யர் அவரைச் செஞ்சிக்கு அருகிலுள்ள சிங்கபுரத்துக்கு எழுந்தருளச் செய்தார். சிங்கவரம் என இன்று வழங்கும் அத்தலம், மரக்காணம் அமைந்த விழுப்புரம் மாவட்டத்திலேயே உள்ளது. அங்கிருந்து 1371இல் நம்பெருமாள் திருவரங்கம் திரும்பினார். இடையில் கழிந்தவை நாற்பத்தெட்டு ஆண்டுகள்.

அப்படியாயின் லோகாசார்யரின் விச்வாஸம் வீணாயிற்றோ? ஆகாது. தாம் காண்பதற்காக அன்று, அவன் உகப்புக்காகவே அவர் அவனைச் சுமந்தார். அவர் சீடர் திருவாய்மொழிப்பிள்ளை. அவர் திருவடியில் ஆச்ரயித்த மணவாள மாமுனிகள் அவதரித்தது 1370இல், நம்பெருமாள் மீள்வதற்கு ஓராண்டு முன்பு. பெரியபெருமாள் திருமுன்பே ஈட்டைக் காலக்ஷேபம் சாதிக்க வேண்டியவரை, கோயில் வெறுமையாய்க் கிடந்த காலத்திலேயே அவன் ஆயத்தம் செய்துகொண்டிருந்தான்.

திருவடியைக் கட்டிய ப்ரஹ்மாஸ்திரத்தை ஆசார்யர்கள் திருஷ்டாந்தமாகக் காட்டுவர். அது போதாதென்று அரக்கர் வேறு கயிறுகளால் கட்டவே, அஸ்திரம் தானே நழுவிற்று. ப்ரபத்தியும் அத்தகையதே. நோயுற்றபோது மருந்துண்பதும், வருவாய் குன்றியபோது வேலை தேடுவதும் இரண்டாம் கயிறு அல்ல. அவை நாம் செய்யவேண்டிய கடமைகள். 'அவன் கைவிட்டாலும் விடுவான், வேறொன்றும் இருக்கட்டும்' என்னும் உள்ளச்சமே இரண்டாம் கயிறு.

ஆகையால் பாகவதர்களே, மனம் சோர்ந்த நாளிலும் அன்றைய திருவாராதனத்தையும் அருளிச்செயல் அநுஸந்தானத்தையும் விடாதிருப்போம். நீர் சூழ்ந்த பாத்தியின் வரப்பைத் திருத்துவது நம் பணி. விளைவிக்கும் நாளை அவன் அறிவான்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.