காய்கறிக்குத் தை, மரத்துக்கு ஆடி
(திருத்தணி விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் எழுதியது)

பொங்கல் கழிந்ததும் நம் குடியானவர்களில் பலருக்கு வீட்டுக் கொல்லையைப் பற்றிய நினைவு வருகிறது. நெல் அறுவடை முடிந்து கைக்குச் சற்று ஓய்வு கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையினால் கிணறுகளில் தண்ணீர் மேலே நிற்கிறது. ஆகவே கத்தரி, வெண்டை விதைகளை வாங்கப் போகிறவர்கள், மா, சப்போட்டா ஒட்டுச் செடிகளையும் அதே பயணத்தில் வாங்கி வந்து எல்லாவற்றையும் தை மாதத்திலேயே நட்டுவிடுகிறார்கள். விதைகளைப் பொறுத்தவரை இது சரியே. பழமரங்களைப் பொறுத்தவரை பெருந்தவறு. இதன் காரணத்தையும், வீட்டுத் தோட்டக்காரர் அனுசரிக்க வேண்டிய முறைகளையும் கீழே விவரிக்கிறோம்.

தண்ணீர்க் கணக்கு

தை மாதத்தில் கிணற்றை எட்டிப் பார்த்துத் தோட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது, களத்து நெல்லைப் பார்த்து ஆண்டுச் செலவைத் தீர்மானிப்பதற்கு ஒப்பாகும். திருத்தணியில் கோடை வெப்பம் பல நாட்களில் 40 டிகிரி செல்சியசைக் கடக்கிறது. அக்கினி நட்சத்திர காலத்தில் கிணறு எந்த நிலையில் இருக்கிறதோ, அதுவே தோட்டத்தின் அளவாகும். ஆதலால், போன சித்திரைக் கடைசியில் குடிப்பதற்கும் மாடுகளுக்கும் போக நாளொன்றுக்கு எத்தனை குடம் மிஞ்சியது என்பதை முதலில் வீட்டாரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடுங்கோடையில் காய்கறிப் பாத்திக்குத் தினம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் உயரத் தண்ணீராவது தேவை. ஒரு சென்டுக்கு இது சுமார் 200 லிட்டர். அதாவது 15 லிட்டர் குடத்தால் 13 அல்லது 14 குடம். மூன்று சென்டுத் தோட்டத்துக்குத் தினம் 40 குடமாகிறது. இவ்வளவு மிஞ்சாத வீட்டார் ஒரு சென்டோடு நிறுத்திக்கொள்வதே விவேகம்.

இக்கணக்கை நான் கற்றுக்கொண்டது புத்தகத்திலன்று. வேலையில் சேர்ந்த புதிதில், இத்தாலுகாவிலுள்ள ஒரு குடியானவருக்குத் தை மாதத்தில் 12 மா ஒட்டுகளை நடும்படி யோசனை கூறினேன். மாசியில் தளிர் விட்டன. நானும் பெருமை கொண்டேன். சித்திரையில் கிணறு வற்றி, அரை மைல் தூரத்திலிருந்து தண்ணீர் சுமக்க நேர்ந்தது. வைகாசியில் நான் சென்றபோது மூன்று செடிகளே உயிருடன் இருந்தன. அவர் கோபிக்கவில்லை. “ஐயா, செடி வாங்கின பணம் போனால் போகட்டும். எங்கள் வீட்டுப் பெண்கள் சுமந்த தண்ணீருக்கு யார் கணக்குச் சொல்வது?” என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தை மாதத்தில் விதைக்கத் தக்கவை

கோடை முற்றுவதற்கு முன் பலன் தந்து முடியும் பயிர்களுக்கே முதலிடம் தர வேண்டும். தண்டுக்கீரை, அரைக்கீரை வகைகள் விதைத்த 25 முதல் 30 நாட்களுக்குள் பறிப்புக்கு வரும். வெண்டை சுமார் 45 நாட்களிலும், கொத்தவரை 50 முதல் 60 நாட்களிலும் காய்க்கத் தொடங்கும். இவற்றை நேரே பாத்தியில் ஊன்றலாம். வெண்டையை நாள் கடத்தி விதைத்தால், வெயில் ஏற ஏற வெள்ளை ஈக்கள் பெருகி நரம்பு மஞ்சளிக்கும் நோயைப் பரப்பும். ஆகையால் தை முதல் வாரத்திலேயே விதைத்துவிடுவது நலம்.

கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றுக்கு மேட்டுப்பாத்தியில் நாற்று விட வேண்டும். தாழ்ந்த பாத்தியில் ஈரம் தங்கி, நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். தக்காளி 25, கத்தரி 35, மிளகாய் 40 நாட்களில் பிடுங்கி நடுவதற்கு ஏற்றவையாகும். இவை கோடை முழுதும் தண்ணீர் கேட்பவை. எனவே குடும்பத்துக்கு இருபது கத்தரிச் செடியும் பத்து மிளகாய்ச் செடியும் போதும். நட்டபின் வைக்கோல் அல்லது சருகை மூன்று அங்குல கனத்துக்குப் பரப்பினால் ஈரம் நெடுநேரம் காக்கப்படும்.

நாட்டுப் பந்தல் அவரையை இப்பருவத்தில் போடவே கூடாது. பகற்பொழுது குறுகும் காலத்தில்தான் அது பூக்கும். தையில் ஊன்றினால் கொடியும் இலையும் பெருகுமேயன்றிக் காய் கிடைக்காது.

விதையின் தரம்

எவ்விதையானாலும் 50 விதைகளை எண்ணி, ஈரச் சாக்கில் வைத்துச் சுருட்டி முளைப்பைச் சோதித்த பிறகே பாத்தியில் இடவேண்டும். 40-க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. 30 அளவில் முளைத்தால் சற்று அதிகமாக விதைக்க வேண்டும். பாதிக்கும் குறைந்தால் தள்ளிவிட வேண்டும். மிளகாய் போன்றவை முளைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாதலால் அவசரப்படலாகாது.

சொந்த விதை எடுப்போர், நோயற்ற செடியில் இரண்டாம் மூன்றாம் பறிப்புக் காய்களை முற்றவிட்டு எடுக்க வேண்டும். கடைசியில் மிஞ்சிய சூம்பிய காய்களை விதைக்கு விடும் வழக்கம் தவறு. கசப்பேறிய சுரைக்காயை உண்ணவும் கூடாது; விதைக்கும் வைக்கக் கூடாது. கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதையில் விளைந்த காயிலிருந்து விதை எடுத்தால், மறு ஆண்டு தாய்ச்செடியின் குணம் மாறிப்போகும்.

பழமரங்கள்: குழி முன்னே, செடி பின்னே

ஆடியில் நட்ட மரத்துக்குக் கார்த்திகை வரை ஏறத்தாழ ஐந்து மாதங்கள் மழையின் துணை உண்டு. அடுத்த கோடைக்குள் வேர் ஆழத்தில் இறங்கிவிடும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் மலையேறும் நாட்களே நமக்கு நடவு நாட்கள் என்று நினைவில் வைக்கலாம்.

ஆயினும் மரத்துக்குரிய வேலை கோடையிலேயே தொடங்குகிறது. மாவுக்கு மூன்று அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழியும், கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் இரண்டரை அடிக் குழியும் சித்திரையில் வெட்டி, ஒரு மாதம் வெயிலில் ஆறவிட வேண்டும். மேல்மண்ணோடு மக்கிய தொழு உரமும் சிறிது வேப்பம் பிண்ணாக்கும் கலந்து, ஆனியில் குழியை நிரப்பினால், முதல் மழைகளில் மண் படியும்.

இடைவெளியில் ஆசை கூடாது. மாவுக்கு 30 அடி, சப்போட்டாவுக்கு 25 அடி, கொய்யாவுக்கு 20 அடி, எலுமிச்சைக்கு 15 அடி தேவை. சிறிய கொல்லைக்கு ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை, ஒரு முருங்கை போதும். இடமிருப்போர் மா வைக்க விரும்பினால் நீலம் ஏற்றது. ஆண்டுதோறும் காய்க்கும் குணமுடையது. பங்கனபள்ளி ருசியில் உயர்ந்ததாயினும், ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்வது உண்டு.

நடும்போது ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே அரை அடியாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளிவிட வேண்டும். சப்போட்டாவைப் பாலை மரக் கன்றின்மேல் ஒட்டுவது வழக்கம். பாலைத் துளிர் ஓங்கினால் ஒட்டு நலிந்து மடியும். தோட்டக்காரர் அறியாமல் பாலை மரத்தையே வளர்த்து, பல ஆண்டுகள் பழத்துக்குக் காத்திருப்பார்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

மார்கழியிலேயே தேவையான விதைகளின் பட்டியலையும், வைகாசியில் ஒட்டுச் செடிகளின் பட்டியலையும் தனித்தனியே தயாரித்து அனுப்பினால், காலத்தில் பெற்றுத் தருவது எளிது. பட்டியலில் பெயர் எழுதுமுன், அவ்வீட்டில் குழி வெட்டப்பட்டிருக்கிறதா, சித்திரையில் தண்ணீர் உண்டா என்று விசாரிப்பது நல்லது. எத்தனை செடிகள் வழங்கினோம் என்பதைவிட, மறு ஆடியில் எத்தனை உயிரோடு நின்றன என்பதே நமக்கு அளவாக இருக்க வேண்டும்.

சுருக்கம்

1. மார்கழி: சித்திரைத் தண்ணீரைக் கணக்கிட்டுத் தோட்ட அளவைத் தீர்மானித்தல்; விதை முளைப்புச் சோதனை.
2. தை: கீரை, வெண்டை, கொத்தவரை விதைத்தல்; நாற்றுவிடுதல்.
3. மாசி: நாற்று நடுதல், சருகு பரப்புதல்.
4. சித்திரை: குழி வெட்டுதல்.
5. ஆனி: குழி நிரப்புதல்.
6. ஆடி: பழமரம் நடுதல், அவரை ஊன்றுதல்.

இவ்வாறு தையிலிருந்து ஆடி வரை பொறுத்திருப்பவர், ஆறு மாதத்தை இழந்தவர் அல்லர். நட்ட மரத்தைக் காத்துக்கொண்டவர் ஆவார்.