மேஜரான மகளைப் பூட்டி வைக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 24 வயது. என் தோழியைக் காதலிப்பது வீட்டுக்குத் தெரிந்ததும் வேலையை விடவைத்து, போனையும் பிடுங்கிக்கொண்டார்கள். கடைக்குக்கூடத் தனியாக விடுவதில்லை. 'டாக்டரிடம் காட்டிச் சரிபண்ணி, தை பிறந்ததும் கல்யாணம்' என்கிறார் அப்பா. வீட்டை விட்டுப் போனால் தோழி மேல் கடத்தல் கேஸ் கொடுப்பாராம். சட்டம் என் பக்கம் இருக்கிறதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: இருக்கிறது. பதினெட்டு வயது நிறைந்தவர் தன் விருப்பப்படி வெளியேறினால் அது கடத்தல் ஆகாது. அப்பா 'மகளைக் காணவில்லை' என்று புகார் கொடுக்கலாம். ஆனால் இருவரும் மேஜர், சம்மதத்தோடு சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், தொந்தரவு செய்யாமல் போலீஸ் அந்தப் புகாரை முடித்துவிட வேண்டும். சுஷ்மா வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவு இது. 'சரிபண்ணும்' வைத்தியத்துக்கும் அதிலேயே தடை உண்டு. செய்கிற டாக்டரின் லைசென்ஸே போகலாம். பூட்டி வைப்பது பாரதிய நியாய சன்ஹிதா 127-ஆம் பிரிவின்படி குற்றம். பெற்றோர் என்பதற்காக விலக்கு இல்லை.

வெளியே வரவே முடியாவிட்டால், உங்கள் தோழி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம். 'நீ என்ன உறவு?' என்று கேட்டுத் திருப்பி அனுப்ப முடியாது. 2025 மே மாதம், வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணை இப்படித் தோழி போட்ட மனுவில்தான் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அவரைப் பெற்றோரிடம் ஒப்படைத்த போலீசையும் கண்டித்தது. செலவை நினைத்துத் தயங்காதீர்கள். வருமானம் பார்க்காமல் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்குத் தோழியைப் பேசச் சொல்லுங்கள்.

கல்யாணப் பதிவு மட்டும் இப்போதைக்கு இல்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது. ஜாயின்ட் அக்கவுன்ட் தொடங்கலாம், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம்.

கிளம்பும்போது ஆதார், டிகிரி சர்டிபிகேட் போதும். வீட்டு நகை ஒரு கிராம்கூட வேண்டாம். கடத்தல் கேஸ் நிற்காதபோது அடுத்து வருவது திருட்டுப் புகார்தான். 'என் விருப்பத்தில் போகிறேன்' என்று கையெழுத்திட்ட கடிதத்தை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், எங்களுக்கு எழுதியதுபோல யார் மூலமாவது. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, 'அம்மா அழறாங்க பாரு, ரெண்டு நாள் போயிட்டு வா' என்று சமரசம் பேசுவார்கள். போக வேண்டிய கட்டாயம் இல்லை. எழுதித் தரும் வாக்குமூலத்தை முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.