சாய்தளத்தில் நிற்கும் பாதம்

இயற்பியலில் சாய்தளம் என்னும் பகுதியை நடத்தும்போது, லாரியில் பீப்பாய் ஏற்றும் பலகையையே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். அதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. உயர்ந்த குதி வைத்த காலணி, அதாவது வழக்கில் ‘ஹை ஹீல்ஸ்’ எனப்படுவது, காலில் கட்டிக்கொண்ட ஒரு சாய்தளமே அன்றி வேறன்று. அதை அணிந்தால் ஏன் வலிக்கிறது, அவ்வலியை எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை அந்தச் சரிவிலேதான் இருக்கிறது. கடையில் விற்கும் மெத்தைத் துண்டுகளில் இருப்பதாகப் பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பாதிதான் சரி.

“வலித்தால் அணியாமல் இருக்க வேண்டியதுதானே!” என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது எல்லோருக்கும் பொருந்துவதன்று. வரவேற்பறையிலும் விற்பனைக்கூடத்திலும் விமானத்திலும் பணி செய்யும் பெண்கள் பலருக்கு உலகின் பல பகுதிகளில் அது சீருடையின் ஒரு பகுதியாகவே இருந்து வந்திருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 2017 இல் பெண் ஊழியரை உயர்குதி அணியுமாறு வற்புறுத்தக் கூடாதென விதி செய்தது. அதே ஆண்டில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர் துறையும், நின்று வேலை செய்யும் பெண்களை ஓர் அங்குலத்துக்கு மேற்பட்ட குதி அணியக் கட்டாயப்படுத்தலாகாது என ஆணையிட்டது. ஜப்பானில் 2019 இல் யூமி இஷிகாவா என்னும் நடிகை தொடங்கிய இயக்கத்தின் பெயர், காலணி, வலி ஆகிய இரண்டையும் குறிக்கும் ஒலியொத்த சொற்களைச் சேர்த்து அமைத்த சிலேடையாகும். நாள் முழுவதும் நின்றாக வேண்டிய இத்தகையோரை மனத்திற்கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது. விழாவுக்கு ஒரு மணி நேரம் அணிபவர்க்கும் இது பயன்படலாம்.

வரலாற்றைச் சிறிது தொட்டுச் செல்வோம். உயர்குதி பெண்களுக்காகத் தோன்றியதன்று. பாரசீகக் குதிரை வீரர் அங்கவடியில் கால் நழுவாமல் ஊன்றி நின்று அம்பெய்வதற்கு அது உதவிற்று. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆடவர் அதை மேற்கொண்டனர். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியை இயசிந்த் ரிகோ 1701 இல் தீட்டிய ஓவியத்தில், மன்னரின் காலணிக் குதிகள் சிவப்பு நிறத்தில் எடுப்பாகத் தெரிகின்றன. குதிரைமேல் இருப்பவனுக்கு அது கருவி. தரையில் நடப்பவர்க்கு அதுவே சுமை. பின்னர் ஆடவர் அதைக் கைவிட்டனர். 1950களில் குதியினுள் உலோகத் தண்டைப் புகுத்தும் முறை வந்தபின், குறுவாள் என்னும் பொருள்படும் ‘ஸ்டிலெட்டோ’ என்ற மெல்லிய குதி பரவியது.

அந்தக் குதியின் முனை ஒரு சதுரச் சென்டிமீட்டர் எனவும், அணிந்தவரின் எடை 50 கிலோ எனவும் கொள்வோம். அடியெடுத்து வைக்கும்போது முழு எடையும் ஒரு கணம் அக்குதியின்மேல் விழுந்தால், சதுரச் சென்டிமீட்டருக்கு 50 கிலோ எடை அழுத்தம். 4000 கிலோ எடையுள்ள யானை, அடிக்கு 1000 சதுரச் சென்டிமீட்டர் பரப்புள்ள நான்கு கால்களில் நின்றால், சதுரச் சென்டிமீட்டருக்கு ஒரு கிலோதான்! இக்கணக்கை எல்லோரும் சுவையாகச் சொல்வர். ஆனால் இவ்வழுத்தம் தரைக்கு உரியது; மரத்தளம் குழிவிழுவதற்கு இது காரணம். பாதம் நோவதற்குக் காரணம் வேறு.

பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. பின்னே பருத்த குதியெலும்பு, நடுவே வளைவு, முன்னே ஐந்து நீண்ட எலும்புகள், அவற்றின் தலைகள் விரல்களின் அடியில் ஒரு மேடாகத் தரையைத் தொடுகின்றன. இம்மேட்டை முன்பாதம் என்போம். வெறுங்காலுடன் நிமிர்ந்து நிற்கையில் எடையின் பெரும்பங்கைக் குதியெலும்பே தாங்குகிறது. அதற்கேற்பவே அது பருத்திருக்கிறது. குதியை உயர்த்த உயர்த்த இப்பங்கு முன்பாதத்திற்கு மாறுகிறது. சிறிய எலும்புத் தலைகள் பெரிய எலும்பின் வேலையைச் செய்ய நேரிடுகிறது. இது முதல் துன்பம்.

இரண்டாவது துன்பமே பெரிது. குதியின் உயரம் 7.5 செ.மீ., குதியிலிருந்து முன்பாதம் வரை சரிவின் நீளம் 17 செ.மீ. என்க. 50 கிலோ எடையுள்ளவர் இரு கால்களிலும் நிற்கிறார்; ஒரு காலுக்கு 25 கிலோ. சரிவின் வழியே கீழ்நோக்கி இழுக்கும் கூறு, 25 ஐ 7.5 ஆல் பெருக்கி 17 ஆல் வகுக்கக் கிடைப்பது, ஏறத்தாழ 11 கிலோ. நடக்கையில் ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் இது இருமடங்காகும். உராய்வு இதில் ஒரு பகுதியைத் தடுக்கும். எஞ்சியது பாதத்தை முன்னே தள்ளி, விரல்களைக் காலணியின் கூரிய முனைக்குள் ஆப்பு அறைவதுபோல் செருகும். கால் ஆணி, கொப்புளம், பெருவிரல் மூட்டின் புடைப்பு, சுண்டுவிரல் மடங்குதல் ஆகியவை மிகுவது இதனால்தான். இக்கணக்கில் காலணியைத் தட்டைப் பலகையாகக் கொண்டோம். உண்மைக் காலணியில் வளைவுகள் உண்டு; இருப்பினும் போக்கு இதுவே. குதியை 5 செ.மீ. ஆகக் குறைத்தால் அந்தப் 11 கிலோ, 7 கிலோவுக்குச் சற்றே மேலாகச் சுருங்குகிறது. மூன்றில் ஒரு பங்கு சுமை குறைந்தது! எந்த மெத்தையும் இவ்வளவு செய்யாது.

ஆகவே, வழுக்குதலைத் தடுப்பதே முதல் வேலை. மெத்தை வைப்பது அதற்குப் பின்னர்தான்.

இதைக் காலணித் தொழிலில் உணர்ந்து செயல்பட்டவர்களுள் ஒருவர் இத்தாலியரான சால்வதோரே பெரகாமோ. அமெரிக்காவில் திரைப்பட நடிகையர்க்குக் காலணி செய்துவந்த அவர், தாம் செய்தவை அழகாக இருந்தும் காலை வருத்துவதேன் என அறிய விரும்பி உடற்கூற்றியல் படித்தார். பாதத்தின் வளைவுக்கு அடியில் தாங்கல் இருக்க வேண்டும் என்று கண்டு, அவ்விடத்தில் எஃகுத் தகடு வைத்தார். அத்தகடு விறைப்பாக இருந்தால் எடையின் ஒரு பகுதியை வளைவு ஏற்கும். முன்பாதம் அந்த அளவுக்கு இளைப்பாறும். இன்று விலை மலிந்த காலணிகளில் முதலில் குறைபடுவது இத்தகடுதான். கடையிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். காலணியை மேசைமேல் வைத்து, நடுவில் கட்டை விரலால் அழுத்துக. அவ்விடம் தொய்ந்தால் வாங்க வேண்டா. பின்னர் குதியை இலேசாகப் பக்கவாட்டில் தட்டுக. ஆடி அடங்க நேரமாயின் அதையும் விட்டுவிடுக. குதியின் தண்டு, நம் குதியெலும்பின் நடுவுக்கு நேர்கீழே ஊன்றியிருக்க வேண்டும். பின்விளிம்பில் ஒட்டிக்கொண்டிருப்பது பார்வைக்கு ஒயிலாக இருக்கும், ஆனால் நிலையாக நிற்காது.

இன்னொன்றையும் உள்ளே கைவிட்டுப் பார்த்தறிய வேண்டும். குதியெலும்பு அமரும் இடம், நாற்காலியின் இருக்கை போல ஏறக்குறையச் சமமாக உள்ளதா, அன்றிப் பள்ளிச் சறுக்குமரம் போல அங்கிருந்தே சரியத் தொடங்குகிறதா? இருக்கை சமமாக இருப்பின் குதியெலும்பு தன் பங்கு எடையை அங்கேயே இறக்கிவிடும். ஒரே உயரமுள்ள இரண்டு காலணிகளில் ஒன்று சுகமாகவும் மற்றது வேதனையாகவும் இருப்பதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே. இது காலணி வார்க்கும் கட்டையின் வடிவைப் பொறுத்தது. நம் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் மேலைநாட்டினருக்காகக் காலணி செய்வோர் ஒவ்வொரு வடிவத்துக்கும் அளவுக்கும் தனிக் கட்டை வைத்திருப்பதும் இதனால்தான்.

அளவைப் பற்றி ஒரு தவறான கருத்து நிலவுகிறது. வலித்தால் ஓர் எண் பெரிதாக வாங்கலாம் என்பர். தட்டைச் செருப்புக்கு இது சரியாகலாம். உயர்குதியில் நேர்மாறு! நீளம் கூடினால் பாதம் ஓடுவதற்கு இடம் கூடுகிறது. விரல்கள் மேலும் வேகமாகச் சென்று இடிக்கின்றன. வேண்டியது அகலம், அதனுடன் பாதத்தின் மேற்புறத்தைப் பற்றி நிறுத்தும் பிடிப்பு. கணுக்கால் வார், அல்லது பாதமேட்டின் குறுக்கே ஒரு வார், இப்பிடிப்பைத் தரும். பிடிப்பே இல்லாமல் விரல்களை மட்டும் கவ்வி நிற்கும் ‘பம்ப்’ வகை மிகக் கொடியது. அதுவே மிக அழகானதாகவும் கருதப்படுவது வியப்புத்தான். மாலையில் பாதம் சிறிது வீங்கியிருக்குமாதலால் மாலை வேளையில் வாங்குவது நன்று. தாளின்மேல் நின்று பாதத்தின் எல்லைக் கோட்டை வரைந்து, அதன்மேல் காலணியை வைத்துப் பாருங்கள். கோடு எவ்வளவு வெளியே தெரிகிறதோ அவ்வளவும் நாம் நசுக்கப்போகும் சதை.

முன்புறமும் தடித்த அடி வைத்தவை சில உண்டு. பத்து சென்டிமீட்டர் குதியும் முன்னே மூன்று சென்டிமீட்டர் தடிப்பும் இருந்தால், பாதம் உணரும் சரிவு ஏழு சென்டிமீட்டருக்கு உரியதே. வலி குறையும், ஆனால் தரை தொலைவாகிவிடுவதால் கணுக்கால் பிசகும் அச்சம் கூடும். தடித்த அகன்ற குதியும் அப்படியே. தள்ளாட்டம் குறைகிறது, ஆனால் முழங்கால் தப்புவதில்லை. கேசி கெரிகன் என்னும் அமெரிக்க மருத்துவர் குழுவினர், உயர்குதி முழங்கால் மூட்டின்மேல் சுமையைக் கூட்டுவதை 1998 இல் ‘லான்செட்’ இதழில் காட்டினர். அகன்ற குதியும் அவ்வாறே கூட்டுகிறது என்பதை 2001 இல் வெளியிட்டனர். பாதத்துக்குச் சுகமானது முழங்காலுக்கும் சுகம் என்று கொள்ளலாகாது.

இனி மெத்தைகளைப் பார்ப்போம். குதியின் அடியில் பஞ்சு மெத்தை வைப்பதே பலரும் முதலில் செய்வது. அரை சென்டிமீட்டர் மெத்தை குதியை அரை சென்டிமீட்டர் உயர்த்துகிறது. சரிவு இன்னும் கூடுகிறது! பயன் தருவது வேறு. முன்பாத மேட்டுக்குச் சற்றுப் பின்னே, மேட்டின் அடியில் அன்று, சிறு அரைக்கோளத் திண்டு வைத்தால், அது எலும்புகளின் நடுப்பகுதியைத் தாங்கி அவற்றின் தலைகளுக்கு ஓய்வளிக்கும்; பாதம் வழுக்குவதற்கும் ஒரு தடையாகும். இடம் ஒரு விரற்கடை தவறினாலும் பயன் போய்விடும். முன்பாதத்தின் அடியில் ஒட்டும் பசைத் துண்டு உராய்வைக் கூட்டுவதால் நன்மை செய்யும். ஆனால் எதை வைத்தாலும் காலணிக்குள் இடம் குறையும் என்பதை மறவாதீர்கள். ஏற்கெனவே இறுக்கமானதில் மெத்தை வைப்பது, நெரிசலான பேருந்தில் மேலும் இருவரை ஏற்றுவது போல.

இறுக்கத்தைத் தளர்த்த ஒரு வேடிக்கையான முறை வழங்குகிறது. தண்ணீர் நிரப்பிய பையைக் காலணிக்குள் வைத்துக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைப்பது. நீர் உறைகையில் அதன் கனஅளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுமாதலின், தோல் சற்று விரியும். இயற்பியல் சரிதான், ஆனால் ஒட்டுப்பசை விட்டுப்போகலாம், ரெக்சின் காலணியோ விரிவதற்குப் பதில் வெடிக்கலாம். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் மரக்கட்டை செருகி, வேண்டிய இடத்தில் மட்டும் விரித்துத் தருவார். அதுவே மேல். மரத்துப்போகச் செய்யும் மருந்தைப் பாதத்தில் பூசிக்கொண்டு நடப்பது மட்டும் கூடவே கூடாது. வலி தெரியாவிட்டால் புண்ணும் தெரியாது. நீரிழிவால் பாத உணர்வு குன்றியவர்கள் உயர்குதியை அறவே விலக்க வேண்டும்.

பழக்கமும் ஒரு பொருட்டாகும். மார்க்கோ நாரிச்சி முதலானோர் 2010 இல் வெளியிட்ட ஆய்வு, பல்லாண்டு உயர்குதி அணிந்தவர்களின் கெண்டைக்கால் தசையிழைகள் குறுகியும், குதிநரம்பு எனப்படும் தசைநாண் தடித்து விறைத்தும் இருப்பதைக் கண்டது. அவர்களுக்குத் தட்டைச் செருப்பில் நடப்பதே நோவைத் தருவது இதனால்தான். அத்தகையோர் ஒரே நாளில் தட்டைக்கு மாறாமல், உயரத்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பது நலம். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, குதியை மெல்லக் கீழே தாழ்த்தி அரை நிமிடம் நிறுத்துவது நல்ல பயிற்சி. நாளும் சில முறை செய்யலாம். பணிக்குச் செல்வோர் போகவரத் தட்டைச் செருப்பும், பணியிடத்தில் மட்டும் குதியுயர்ந்ததுமாக வைத்துக்கொண்டால் அணியும் நேரம் கணிசமாகக் குறைகிறது. நடக்கையில் அடியைச் சிறிதாக வையுங்கள். இறங்குபடியில் பக்கச் சுவரையோ கைப்பிடியையோ விடாதீர்கள்.

கடைசியாகக் குதிமுனையின் ரப்பர் வில்லை. அது தேய்ந்ததும் உள்ளிருக்கும் ஆணி தலைகாட்டும். அதன்பின் மொசைக் தரையில் உராய்வே இராது. ஒரு பக்கமாகத் தேய்ந்தாலும் கணுக்கால் அப்பக்கம் சாயும். மாதம் ஒருமுறை காலணியைக் கவிழ்த்துப் பார்த்து, தேய்ந்திருந்தால் தெருமுனையில் இருக்கும் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மாற்றிவிடலாம். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். இல்லையெனில் இரு குதிகளும் உயரத்தில் வேறுபட்டுவிடும்.