நில வரைபடத்தில் கோணம்: 0 பாகை எந்தத் திசையில்?

கணினி வரைவு மென்பொருளில் குறித்த கோணத்தில் கோடு இழுக்கும்போது நேரும் பிழைகள் பல, கோணத்தைத் தவறாக அளப்பதால் அல்லாமல், அது எந்தத் திசையிலிருந்து எண்ணப்படுகிறது என்பதைக் கவனியாததால் விளைபவை. ஆட்டோகேட் தொடக்க நிலையில் கிழக்கை 0 பாகையாகக் கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கோணத்தைக் கூட்டிச் செல்கிறது. நில அளவையாளரோ வடக்கை 0 பாகையாகக் கொண்டு, முள் சுழலும் திசையிலேயே 360 பாகை வரை எண்ணுகிறார். இவ்வாறு எண்ணப்படுவதே முழுவட்டத் திசைக்கோணம்.

சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு மனையை டோட்டல் ஸ்டேஷன் கருவியால் அளந்து, ஒரு பக்கம் 50 மீட்டர், திசைக்கோணம் 120 பாகை எனக் குறித்து வந்ததாகக் கொள்ளலாம். அதை அப்படியே @50<120 என்று தட்டினால், தென்கிழக்கே செல்ல வேண்டிய எல்லை வடமேற்கே போய் நிற்கும். 90-இலிருந்து திசைக்கோணத்தைக் கழித்து @50<-30 என இடுவதே சரி. புதியவர்கள் சோதனைக்காக 45 பாகையைப் போட்டுப் பார்த்துத் திருப்தி அடைவதுண்டு. 45, 225 ஆகிய இரண்டிலும் இருமுறைகளும் ஒரே கோட்டையே தருவதால் அச்சோதனை எதையும் காட்டிக்கொடுக்காது. யூனிட்ஸ் கட்டளையில் அடிப்படைத் திசையை வடக்காகவும் சுழற்சியை வலமாகவும் மாற்றிவிட்டால் கழித்தல் தேவைப்படாது.

பழைய ஆவணங்களின் நிலை வேறு. 1911-இல் உருவான சித்தூர் மாவட்டம் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. திருத்தணியும் 1960 வரை அம்மாவட்டத்திலேயே இருந்தது. ஆகவே இன்று தமிழ்நாடு–ஆந்திர எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள பழைய புலப்படங்கள் ஒரே முறையில் அமைந்தவை: அவற்றில் கோணமே இராது. நிலத்தை முக்கோணங்களாகப் பிரிக்கும் ஜி லைன்களின் நீளமும், அவற்றிலிருந்து வரப்பின் வளைவுகளுக்குச் செங்குத்தாக அளந்த ஆஃப்செட்டுகளும் மட்டுமே, பெரும்பாலும் லிங்க் கணக்கில் (1 லிங்க் ஏறத்தாழ 20.12 செ.மீ.), தரப்பட்டிருக்கும். இதற்குக் கோணத்தைக் கணக்கிட்டு வரைவது வீண் வேலை. ஒரு ஜி லைனை வரைந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் மற்ற இரு பக்க நீளங்களை ஆரமாகக் கொண்டு வட்டமிட்டால், அவை வெட்டும் இரு புள்ளிகளுள் நிலம் இருக்கும் பக்கத்துப் புள்ளியே மூன்றாம் முனை. ஆஃப்செட் இடும்போது எஃப்8 விசையால் இயங்கும் ஆர்த்தோ, அச்சுகளின் திசையில் மட்டுமே கோட்டைப் பிடித்து நிறுத்துமாதலால், முதலில் யுசிஎஸ் எனும் ஆய அச்சுகளை ஜி லைனோடு பொருந்தத் திருப்பிக்கொள்ள வேண்டும். அதன்பின் செங்குத்துகள் தாமாகவே அமையும்.

திருமலைக்கு 1944-இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதை போன்ற சாலைகளில் ஒவ்வொரு திருப்பமும் முந்தைய கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதே கணக்கு. அதற்குப் போலார் டிராக்கிங்கில் கோணத்தை முந்தைய கோட்டிலிருந்து அளக்கும் தெரிவு உண்டு. சாலையின் ஏற்றமோ விகிதமாகச் சொல்லப்படுவது. 20-க்கு 1 என்னும் ஏற்றத்தை 2.86 பாகையாக்கிச் சுருக்குவதைவிட @20,1 என இடுவது துல்லியமானது.

திரையில் தெரியும் எண்ணையும் முழுதாக நம்பலாகாது. தசம இடங்களைப் பூச்சியமாக வைத்திருந்தால் 29.6 பாகையும் 30 என்றே காட்டப்படும். 100 மீட்டர் நீள எல்லையில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 70 செ.மீ., அதாவது அண்டை வீட்டாரோடு வழக்காட அது தாராளமாகப் போதும்.

யூனிட்ஸில் செய்த மாற்றம் அந்த வரைபடக் கோப்போடே சேமிக்கப்படுவதால், அதை இன்னொருவரிடம் கொடுக்கும் வரைவாளர், 0 பாகை எத்திசை, சுழற்சி எப்பக்கம் என்ற இரண்டையும் வடக்குக் குறியின் அருகிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.