நாலாம் வகுப்பும் மூளைப் பயிற்சியும்

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் பிள்ளை நாலாம் வகுப்பு ஏறியதும் வீட்டுப் பேச்சு மாறிவிடும். அடுத்த ஆண்டு எந்த வகை மேல்நிலைப் பள்ளி, கிம்னாசியமா, ரியால்ஷூலெயா? 2024 நவம்பரில் மாநிலம் முழுக்க, அந்த முடிவுக்கு உதவும் 'கொம்பாஸ் 4' தேர்வும் வந்தது. அங்குள்ள தமிழ்ப் பெற்றோர், பிள்ளையின் கவனத்தைக் கூட்டும் செயலி, ஊரிலிருந்து ஆன்லைன் அபாகஸ் என்று தேடினால் அதில் வியப்பில்லை.

நம்பிக்கை: மூளைப் பயிற்சி விளையாட்டு ஆடினால் நினைவாற்றலும் படிப்பும் சேர்ந்து உயரும்.

உண்மை: விளையாட்டில் மதிப்பெண் உயரும், மறுக்கவில்லை. அது பாடப் புத்தகத்துக்குத் தாவுகிறதா என்பதே கேள்வி. செயல்நினைவு (தகவலைச் சற்று நேரம் மனத்தில் வைத்து வேலை செய்யும் திறன்) குறைந்த 452 முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. பாதிப் பேர் கணினியில் பயிற்சி எடுத்தார்கள். நினைவுச் சோதனைகள் சிலவற்றில் கொஞ்ச காலம் முன்னேற்றம் தெரிந்தது. ஈராண்டு கழித்து வாசிப்பிலும் கணக்கிலும் ஆதாயம் எதுவும் இல்லை. பயிற்சிக்காக வகுப்பை விட்டதுதான் மிச்சம். அதே ஆண்டு, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்த வழக்கில் லூமாசிட்டி என்ற மூளைப் பயிற்சி விளையாட்டு நிறுவனம் அமெரிக்காவில் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

அபாகஸ் அவ்வளவு மோசமில்லை. குஜராத்தின் வதோதராவில் பள்ளிப் பிள்ளைகளை மூன்றாண்டு பார்த்ததில், மனக்கணக்கு தேறியது. நினைவாற்றலோ பொது அறிவுத்திறனோ மாறவில்லை. கணக்குக்காக அனுப்புங்கள், தவறில்லை. கண்ணைக் கட்டிப் படிக்கவைக்கும் 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' மட்டும் வேறு ரகம். அங்கே வேலை செய்வது மூளையல்ல, கண்கட்டுக்குக் கீழே எட்டிப் பார்க்க உதவும் மூக்கோரத்து இடைவெளி.

நம்பிக்கை: ஓடி ஆடும் நேரம் படிப்பைத் தின்னும், தூக்கத்தையும் கொஞ்சம் குறைக்கலாம்.

உண்மை: கார்ல்ஸ்ரூஹே ஆய்வாளர்கள் ஜெர்மனி முழுக்கப் பிள்ளைகளின் உடல்திறனை அளந்துவருகிறார்கள். 'மோமோ' என்ற அந்த ஆய்வின் முதல் சுற்றில் (2003–2006) 4,529 பேர். மூன்று சென்டிமீட்டர் அகலக் கட்டையில் பின்னோக்கி இரண்டு அடி வைக்க முடியாதவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! இதற்கும் கவனத்துக்கும் என்ன தொடர்பு? அமெரிக்காவின் இல்லினாய்ஸில் 221 பிள்ளைகளில் ஒரு பாதி, பள்ளி விட்டபின் ஒன்பது மாதம் ஓடியாடியது. கவனம் சிதறாமல் காக்கும் சோதனையில் மற்றவர்களைவிட அவர்கள் முன்னேறினார்கள். மாயமில்லை, அளவான பலன், செலவும் குறைவு.

தூக்கத்துக்கு அதே மாநிலத்தின் ட்யூபிங்கனில் சான்று உண்டு. தங்களை அறியாமலே பழகிய ஒரு வரிசையை, இரவு தூங்கி எழுந்த 8–11 வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாக எடுத்துச் சொன்னார்கள் (2013). இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை எட்டு மணிக்கு முன்னே பள்ளி என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பாடம் நினைவில் நிற்கப் பழைய வழியே போதும்: புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள், இரண்டு நாள் விட்டு மறுபடி கேளுங்கள். ஆசிரியரும் நீங்களும் பல மாதமாக ஒரே கவனக்குறைவைப் பார்த்தால், செயலிக்குச் சந்தா கட்டாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் போங்கள். கண்ணையும் காதையும் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.